ராத்தா சொன்ன எண்கள்

1

ராத்தா கண்ணை மூடி மௌத்தாகி இந்த நோன்போடு ஒரு வருடம் நிறைகிறது. ராத்தா என் மூத்த சகோதரி, பெயர் ஹாஜறா. மன்னார்ப் பக்கம், சிலாவத்துறைக்குத் தெற்கே கடலோரமாக உள்ள எங்கள் ஊரில் ஆறு ஆடுகளோடு தனியாக இருந்தவர். கணவர் இறந்து நெடுநாளாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. நான் இங்கிலாந்தில், கொவென்றி நகரத்தில், மனைவியோடும் ஒரே மகளோடும் குடியேறியவன். எனக்கும் ராத்தாவுக்கும் எங்கள் உம்மாவிடமிருந்து வந்தது சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோய். "காணியைக் கூடப் பிரிச்சாச்சு தம்பி, இதை மட்டும் இன்னும் பிரிக்கேல்ல" என்று ராத்தா சொல்லிச் சிரிப்பார்.

சீனி ஏறினால் என்ன வரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கண் போகும், கால் போகும், சிறுநீரகம் பழுதாகும். ஆனால் அதற்குப் பல வருடம் எடுக்கும். இறங்கும் சீனிக்கு அரை மணித்தியாலம் போதும். மருந்து எடுக்கிற எங்களுக்கு அதுதான் அன்றாடப் பயம். மருந்து சீனியை இறக்கும். எவ்வளவோடு நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

நான் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவன். ராத்தாவுக்கு மாத்திரைதான், ஊரில் குளிசை என்பார்கள். என் சட்டைப் பையில் குளுக்கோஸ் வில்லைகள் இருக்கும். கார்க் கதவில் ஒரு பெட்டி பழச்சாறு, கட்டிலின் தலைமாட்டில் இன்னொன்று. பள்ளிக்குத் தொழப் போகும்போது காலுறைக்குள் இரண்டு ரொஃபியைச் செருகிக்கொண்டு போவேன். நடக்கப் போனாலும், படியேறி வீட்டைக் கூட்டினாலும், சாப்பாடு பிந்தினாலும் கணக்குப் பார்க்க வேண்டும். முதலில் உதடு மரத்துப்போகும். பிறகு பிடரி வியர்க்கும். கை நடுங்கும். அதன்பிறகு கோபம் வரும். இன்னார் மீது, இன்ன காரணத்துக்கு என்றில்லாத கோபம். என் மனைவி சுலைஹா அந்தக் கோபத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"இஞ்ச பாருங்கோ, குத்திப் பாருங்கோ. உங்கட முகம் சரியில்ல."

"எனக்கு ஒண்டுமில்ல. நீ உன்ர வேலையைப் பார்."

சீனி இறங்கிய மனிதன் முதலில் சொல்வது அதைத்தான்: எனக்கு ஒன்றுமில்லை. அவனுக்கு அது பொய்யென்றே தெரியாது. மூளைக்குப் போக வேண்டிய சீனிதானே குறைந்திருக்கிறது.

2

எனக்கு விடியப்புறம் தொடங்கும் பஸ் ஓட்டும் வேலை. மதியம் ஒரு மணிக்கு முடியும். ஊரில் அப்போது பொழுது சாய்ந்திருக்கும். ராத்தா ஆடுகளைக் கட்டிவிட்டு வந்து போனுக்குப் பக்கத்தில் இருப்பார்.

"எவ்வளவு ராத்தா?"

"ஆறு புள்ளி ரெண்டு. உனக்கு?"

"ஏழு புள்ளி ஒண்டு."

"என்னட்ட ஆடும் ஆறு, சீனியும் ஆறு. இன்னொரு குட்டி போட்டா ஏழாகிடுமோ தெரியா."

சுகம் விசாரிப்பதே எங்களுக்கு இந்த எண்களால்தான். போர்க்காலத்தில், தொண்ணூறில், எங்கள் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு வெளியேற்றியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த நாட்களில் என்னை வெளிநாட்டுக்குப் போகச் சொல்லி விடாப்பிடியாக நின்றவர் ராத்தா. சண்டை முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, பற்றை மண்டிக் கிடந்த காணியில் கத்தியோடு முதலில் இறங்கியவரும் அவர்தான். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பதில் பிடிவாதக்காரி.

சீனி பார்க்கும் மெஷினை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலில் குத்தி, ஸ்ரிப் என்கிற மெல்லிய பட்டியில் ஒரு துளி இரத்தம் வைத்தால் எண் காட்டும். இங்கிலாந்து மெஷின் ஆறு, ஏழு என்று சின்ன எண்ணில் காட்டும். ஊர் ஆஸ்பத்திரியில் நூற்றிப் பத்து, நூற்றி இருபது என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். எங்கள் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் அவர்களின் எண் வரும். அந்த மெஷினுக்கு அதன் ஸ்ரிப் மட்டுமே பொருந்தும். சிலாவத்துறைக் கடைகளில் அது கிடைக்காது. ஊர் மெஷின் ஒன்றை வாங்குகிறேன் என்று ராத்தா ஒருமுறை கேட்டார்.

"வேண்டாம் ராத்தா. இஞ்சத்தைய சாமான்தான் சரியாக் காட்டும். முடிய முடிய நான் அனுப்புறன்."

இதை நான்தான் சொன்னேன். வேறு யார் தலையிலும் போட முடியாது.

3

ராத்தா மௌத்தாவதற்கு முந்திய புரட்டாதியில் ஒரு பெட்டி ஸ்ரிப் தபாலில் அனுப்பினேன். அது கொழும்பில், பொதிகளைச் சோதிக்கும் அலுவலகமான பொதிக் கந்தோரில் தடைப்பட்டது. மருத்துவச் சாமான் என்றபடியால் டொக்டரின் கடிதத்தோடு உரியவர் நேரில் வரவேண்டும் என்று ராத்தாவுக்கு ஒரு அட்டை வந்தது. அறுபத்தைந்து வயதில், ஆடுகளை விட்டுவிட்டு, ஒரு சின்னப் பெட்டிக்காகக் கொழும்புக்குப் போவதா? நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

நாலைந்து நாளாக முயன்றேன். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு, பஸ் டிப்போவின் சிற்றுண்டிச்சாலையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு ஊசியைப் போட்டுக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கொழும்பு லைன் கிடைத்தது. ஒருவர் பொறுங்கோ என்றார். இன்னொருவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். என் புத்தளத்துச் சிங்களம் துருப்பிடித்துப் போயிருந்தது. இங்கிலீஷில் சொன்னேன், அவருக்கு விளங்கவில்லை. மறுபடியும் பொறுங்கோ. இப்போது வைத்தால் மறுபடி கிடைக்காது என்று போனைக் காதோடு பிடித்தபடி இருந்தேன். ஊசி உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. புட்டு பெட்டிக்குள்ளேயே ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் யாரோ, "அந்த அம்மா வரவேணும்" என்று தமிழில் சொன்னார்கள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

பக்கத்து மேசையில் போலந்துக்காரர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். என்ன செய்கிறது என்று கேட்டாராம். எனக்குள் தமிழில் ஓடியது, சீனி குறைஞ்சு போச்சு என்று. வாயில் வந்த இங்கிலீஷ்: "சுகர்லெஸ்! சுகர்லெஸ்!"

அவர் ஓடிப்போய், சீனியே இல்லாத கோலா ஒரு போத்தல் வாங்கிவந்து தந்தார். நான் அதை முழுவதுமாகக் குடித்தேன். நன்றியும் சொன்னேனாம். பிறகு எழுந்து என் பஸ்ஸை நோக்கி நடந்தேன். இரண்டாவது படியில் விழுந்தேன். பஸ்ஸை எடுத்த பிறகு விழுந்திருந்தால் எத்தனை பேரைக் கொண்டுபோயிருப்பேனோ என்று இன்றும் நினைப்பதுண்டு.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது நேர்ஸ் ஒருத்தி சுலைஹாவிடம், உங்கள் கணவர் பேசிக்கொண்டே இருந்தார், எந்த மொழி அது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் பேசிய இங்கிலீஷ் முழுவதும் அந்த ஒரு மணித்தியாலத்தில் என்னைவிட்டுப் போயிருந்தது. மகள் நஸ்ரின் மான்செஸ்டரிலிருந்து வந்து கட்டிலின் அருகில் நின்றாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை. "வாப்பா போனில என்னோட பேசினார், எனக்கு ஒண்டும் விளங்கேல்ல உம்மா" என்று அழுதாள்.

4

ஒரு வருடத்துக்கு பஸ் ஓட்டும் அனுமதி இல்லை என்று கடிதம் வந்தது. பதினாறு வருடம் ஓட்டினேன். டிப்போவில் இரக்கப்பட்டு, பஸ்ஸின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் வேலை தந்தார்கள். ஆசனங்களுக்கிடையில் ஒட்டிய சுவிங்கத்தைச் சுரண்டி எடுப்பேன். அனுமதி அலுவலகம் கேட்ட படிவங்கள் ஒரு கட்டு. 'உங்களுக்குச் சீனி இறங்குவது முன்கூட்டியே தெரியுமா?' என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி. எதில் புள்ளடி போடுவது? சில நாள் தெரியும். சில நாள் தெரியாது.

ராத்தாவிடம் இது ஒன்றையும் சொல்லவில்லை. காய்ச்சல் என்று இரண்டு கிழமையைச் சமாளித்தோம். அதன்பிறகும் மதியம் ஒரு மணிக்குப் போன் எடுத்தேன்.

"இண்டைக்கு எத்தினை நடை ஓடினனீ தம்பி?"

"ஆறு, ராத்தா."

"பாத்து ஓடு. உன்னை நம்பித்தான் சனம் ஏறுது."

"ஸ்ரிப் வந்திட்டுதோ ராத்தா?"

"ஓம் தம்பி, வந்திட்டுது. தபால்காரத் தம்பி வீட்டயே கொண்டுவந்து தந்தவர். நீ அதை விட்டுட்டு உன்ர உடம்பைப் பார்."

எனக்குப் பெரிய நிம்மதி. எப்படி வந்தது என்று நான் கிண்டிக் கேட்கவில்லை. அதன்பிறகு ராத்தா சொன்ன எண்களில் ஒரு மாற்றம் வந்தது. நூற்றிப் பத்து என்றார். அடுத்த நாள் நூற்றிப் பதினைந்து.

"ஏன் ராத்தா நூறுக் கணக்கில சொல்றீங்கள்?"

"கிளினிக்கில அப்பிடித்தானே சொல்லுறாங்கள். நீ சொல்லித் தந்த மாதிரிப் பதினெட்டால பெருக்கிப் போட்டுச் சொல்றன்."

எட்டாம் வகுப்போடு நின்ற ராத்தா பதினெட்டாம் வாய்ப்பாட்டைப் பாடமாக்கிவிட்டார் என்று சுலைஹாவிடம் பெருமையடித்தேன். அவள் அடுப்பைத் தணித்தாள்.

எனக்கு இப்போது கையில் ஒட்டும் உணரி ஒன்று தந்திருக்கிறார்கள். விரலில் குத்தத் தேவையில்லை. சீனி இறங்கினால் என் போனில் மணி அடிக்கும். நஸ்ரின் அதைத் தன் போனிலும் இணைத்துக்கொண்டாள். முதல் மாதம் மணி அடித்தவுடன் மான்செஸ்டரிலிருந்து கூப்பிடுவாள். இரண்டாவது மாதம் ஒரு செய்தி மட்டும் அனுப்புவாள். பிறகு அதுவும் நின்றது. கேட்டபோது, அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் வாப்பா, சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னாள். அவள் சொன்னதில் பிழையில்லை. அவளுடைய வயதில் நானும் ஊரின் சத்தத்தை நிறுத்தி வைத்தவன்தான்.

5

போன வருட நோன்பு தொடங்கும் முன்பே ராத்தாவிடம் சொல்லிவிட்டேன்.

"நீங்கள் நோன்பு பிடிக்கக் கூடாது ராத்தா. குளிசையைப் போட்டுட்டு பட்டினி கிடந்தா விழுந்து போவீங்கள்."

"மௌலவியும் அதைத்தான் சொன்னவர். வருத்தக்காரருக்குக் கடமையில்ல, ஏழைக்குச் சாப்பாடு குடுங்கோ எண்டார். நான் குடுக்கிறன். நீ பிடிக்கிறியோ?"

"இல்ல ராத்தா."

"அல்லா உன்னைக் காப்பாத்துவான்."

நோன்பு பதினொன்றாம் நாள், இங்கே மதியம் ஒன்றரை, ஊரில் இரவு ஏழு மணிபோல், ராத்தாவின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது ராத்தா அல்ல. பக்கத்து வீட்டு ஸ்ரெல்லா. கத்தோலிக்கப் பெண், ராத்தாவோடு ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவள்.

"அண்ணன், ஹாஜறாக்கா கண் முழிக்கிறா இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறம். சீனி இருபத்திரண்டாம்."

இருபத்திரண்டு என்றால் எங்கள் கணக்கில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். இன்னும் கொஞ்சம் இறங்கினால் மெஷின்கூட எண் காட்டாது. குறைவு என்று மட்டும் எழுதும். அன்றே மன்னாருக்கு ஏற்றினார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தானார். நான் விமான நிலையத்தில் வரிசையில் நின்றபோது ஜனாஸா புறப்பட்டுவிட்டது என்று செய்தி வந்தது. எங்களில் அடக்கத்தைப் பிற்படுத்துவதில்லை. பிற்படுத்தச் சொல்ல எனக்கு வாயும் வரவில்லை.

வரிசையில் நிற்கும்போது நஸ்ரின் கூப்பிட்டாள். இங்கிலீஷில் இறந்தவர்களை 'தொலைத்துவிட்டோம்' என்று சொல்வார்கள். அதை அவள் தமிழாக்க முயன்றாள் போலும்.

"மாமியைத் தொலைச்சிட்டமா, வாப்பா?"

நான் திருத்தவில்லை. "ஓம் மகள்" என்றேன்.

விமானத்தில் நித்திரை வரவில்லை. ராத்தா சொன்ன எண்கள் மண்டைக்குள் ஓடின. நூறு, நூற்றிப் பத்து, நூற்றிப் பதினைந்து, நூற்றி இருபது. ஒரு தாளை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். ஆறு புள்ளி இரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் நூற்றிப் பதினொன்றும் சொச்சமும். ஆறு புள்ளி மூன்று என்றால் நூற்றிப் பதின்மூன்று. ராத்தா ஒருநாளும் நூற்றிப் பதினொன்று என்றோ பதின்மூன்று என்றோ சொன்னதில்லை. ஐந்து மாதமாக அவர் சொன்ன எண் எல்லாம் பூச்சியத்திலோ ஐந்திலோதான் முடிந்தன. எந்த மனிதனின் இரத்தமும் அப்படி ஒழுங்காக எண்ணாது.

6

நான் வந்த வான் வண்டி, கட்டுக்கரைக் குளத்தைத் தாண்டி முருங்கனில் திரும்பியது. வயல்களில் அறுவடை முடிந்து ஒட்டு மட்டும் நின்றது. ராத்தாவை அடக்கிய மையவாடிக்குப் போய் துஆச் செய்தேன். மண் இன்னும் ஈரமாக இருந்தது. பிறகு வீட்டுக்கு வந்தேன். ஸ்ரெல்லா கதவுப் பூட்டின் திறப்போடு நின்றாள்.

"நோன்பு பிடிச்சவவோ?" என்று கேட்டேன்.

"முதல் நாளிலயிருந்து பிடிச்சவ, அண்ணன். உங்களிட்டச் சொல்ல வேண்டாமெண்டு எனக்குச் சொல்லி வைச்சவ. 'கொட்டிலில கிடந்த காலத்தில தண்ணியை மட்டும் குடிச்சுப் பிடிச்ச நோன்பு, இப்ப வயிறு நிறையச் சாப்பாடு இருக்கேக்க விடுறதோ' எண்டு கேட்டா."

"குளிசை?"

"விடியமுந்திச் சாப்பிடுற சஹருக்குப் போட்டவ. குளிசையை ஒருநாளும் விடமாட்டா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"அண்டைக்கு நாலு மணிக்கு நான் வந்தனான் அண்ணன். ஆடுகள் கத்திச்சு. கதவு திறந்துதான் கிடந்தது. பாயில படுத்திருந்தா. வேர்த்திருந்துச்சு. நோன்புக் களை, நித்திரை கொள்ளுறா எண்டு நினைச்சு ஆட்டை நான் கட்டிப்போட்டுப் போயிட்டன். எழுப்பினா பாவம் எண்டு... ஆறு மணிக்குப் பிறகு பள்ளியில கஞ்சி வாங்க வரேல்ல எண்டு ஒரு பிள்ளை சொல்லித்தான் ஓடி வந்தனான். நான் அப்ப எழுப்பியிருந்தா, அண்ணன்?"

இரண்டு மணித்தியாலம். ஒரு கரண்டி சீனித்தண்ணீர். அதை அவளிடம் சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரியாதுதானே. பாக்கிற ஆருக்கும் அது நித்திரை மாதிரித்தான் இருக்கும்" என்றேன். அது உண்மையும்தான்.

அலுமாரியின் இழுப்பு லாச்சியில் மெஷின் அதன் உறைக்குள் இருந்தது. ஸ்ரிப் டப்பா வெறுமை. மெஷினின் ஞாபகத்தில் கடைசியாகப் பதிந்திருந்தது ஆறு புள்ளி ஐந்து. ஐந்து மாதத்துக்கு முந்திய திகதி. அதற்குக் கீழே கிளினிக் கொப்பி. மாதத்துக்கு ஒரு எண்: நூற்றிப் பதினெட்டு, நூற்றி இருபத்தொன்று, கடைசி மாதம் எண்பத்தாறு. அந்த எண்பத்தாறை ஒரு டொக்டர் சிவப்பில் வட்டம் போட்டு, அடுத்த முறை சிறுநீரகச் சோதனை செய்து குளிசையைக் குறைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அடுத்த முறை திகதி பெருநாளுக்குப் பிந்தியது. கொப்பிக்குள் பொதிக் கந்தோரின் அட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. ராத்தா கொழும்புக்குப் போகவில்லை. பெட்டி அவருக்குக் கிடைக்கவுமில்லை.

திரும்பும் வழியில் அட்டையோடு அந்தக் கந்தோருக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் பெண், உரியவர் வரவில்லையா என்று சிங்களத்தில் கேட்டாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், அக்கா செத்துவிட்டாள் என்றேன். ஆடுமாட்டுக்குச் சொல்கிற சொல் அது. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, மெதுவாக மரியாதைச் சொல்லில் அதைத் திருப்பிச் சொன்னாள். பிறகு பெரிய கொப்பியில் விரலை ஓடவிட்டாள்.

பெட்டி அங்கே இல்லை. உரிய காலத்தில் எடுக்காதபடியால் மார்கழியிலேயே அனுப்பியவரின் விலாசத்துக்குத் திருப்பிவிட்டார்களாம். விலாசத்தை வாசித்துக் காட்டினாள். என் வீட்டு விலாசம்.

7

கொவென்றிக்கு வந்து இரண்டு நாள் நான் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அசர்த் தொழுகைக்குப் பிறகு சுலைஹா சமையலறையில் நோன்பு திறக்கும் இப்தாருக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி திரும்பி வந்ததோ?"

அவள் கத்தியை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். குளிர்காலப் போர்வைகளுக்கு அடியிலிருந்து எடுத்துவந்து மேசையில் வைத்தாள். என் கையெழுத்தில் ராத்தாவின் பெயர். நாலு மூலையிலும் முத்திரை.

"நீங்கள் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க நான்தான் ராத்தாவுக்குப் போன் அடிச்சுச் சொன்னனான். இந்தப் பெட்டிக் கதையை இனி எடுத்தா இவர் செத்துப் போயிடுவார் எண்டு. 'சரி புள்ள, கிடைச்சிட்டுது எண்டு சொல்றன்' எண்டவ. அது திரும்பி வந்த அண்டைக்கு நீங்கள் அனுமதிக் கடிதத்தைப் பத்தாம் தரமா வாசிச்சுக்கொண்டு இருந்தீங்கள். எனக்குக் காட்டப் பயமாக் கிடந்துது. ஆராவது ஊருக்குப் போனா குடுத்துவிடுவம் எண்டு வைச்சனான்."

"ஒருத்தரும் போகேல்லையோ?"

அவள் கதிரையில் உட்கார்ந்தாள்.

"தை மாசம் என்ர சிநேகிதி றிஸானா போனவ. அவ போய்ச் சேர்ந்து போன் எடுத்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது."

நான் அவளைத் திட்டவில்லை. அழவுமில்லை. ஊரில் ஒரு மெஷின் வாங்க விடாதவன் நான். ஓட்டாத பஸ்ஸை ஐந்து மாதம் ஓட்டியதாகச் சொன்னவனும் நான். ராத்தா எனக்காகப் பொய் சொன்னார், நான் ராத்தாவுக்காகப் பொய் சொன்னேன், சுலைஹா எங்கள் இருவருக்காகவும் மறைத்தாள். ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. இதையெல்லாம் எனக்கு நானே பல முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவளை மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் வாசிக்கிற உங்களுக்கும் ஆறுதலாக இருக்கும். முடியவில்லை. ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். என் உடம்பை அவள்தான் பார்க்கிறாள். அந்தப் பேச்சை நாங்கள் மறுபடி எடுக்கவில்லை.

போன சனிக்கிழமை நஸ்ரின் வந்திருந்தாள். இருவரும் நோன்பு. நான் மட்டும் நோன்பில்லை. பின்னேரம் புதிதாக ஓர் உணரியை ஒட்டியிருந்தேன். ஒட்டிய முதல் ஒரு மணித்தியாலம் அது ஒன்றும் சொல்லாது. அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் தோட்டத்தில் வேலியைத் திருத்தப் போனேன். உள்ளே வந்தது நினைவிருக்கிறது. சமையலறைக் கதவைப் பிடித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில் இருப்பது நிலத்தில் இருந்தபடி அலுமாரியில் சாய்ந்திருந்ததும், சுலைஹாவின் விரல் என் கன்னத்தின் உட்புறத்தில் தேனைத் தடவிக்கொண்டிருந்ததும்தான்.

"இன்னும் கொஞ்சம். விழுங்குங்கோ."

நஸ்ரின் எதிரே முழங்காலில் இருந்தாள். முகம் வெளுத்திருந்தது. நான் கண்ணை நிலைநிறுத்திப் பார்த்ததும் அவளுக்குப் பேச்சு வந்தது.

"வாப்பா, நீங்க உம்மாவைப் பாத்து ஒண்டையே கத்திக் கத்திச் சொன்னீங்க. 'நீதான் கொண்டது, நீதான் கொண்டது' எண்டு. அதுக்கு என்ன அர்த்தம்?"

எங்கள் பேச்சில் 'கொன்றது' என்பதும் 'கொண்டது' என்றுதான் வரும். ஒரு வருடமாக என் வாய்க்குள் கிடந்தது, சீனி இறங்கிய பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. நான் சுலைஹாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தேன் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே மகளுக்குப் பதில் சொன்னாள்.

"'கொண்டு வந்தது' எண்டு சொல்றார் மகள். தேன் கொண்டு வந்தது நான்தானே."

நஸ்ரின் தலையாட்டினாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எழுந்து போய்த் தன் போனை எடுத்துக்கொண்டாள்.

நோன்பு திறக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சுலைஹா என் தாடையில் வழிந்ததைத் துணியால் துடைத்தாள். பிறகு குழாயடிக்குப் போய், விரலில் ஒட்டியிருந்த தேனை நெடுநேரம் கழுவினாள்.